மூச்சுத் திணறி யாரும் சாகவில்லை

குழந்தைகள் உடுப்பு தைக்கிற திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கெல்லாம் ஓர் ஆங்கில வினைச்சொல் நன்றாகத் தெரியும்: ‘சோக்’. பையர்கள் அனுப்பும் கையேடுகளில் அது பக்கத்துக்குப் பக்கம் வரும். ஆறு மாதக் குழந்தையின் சட்டைப் பொத்தான் கழன்று, அது தொண்டையில் சிக்கி, மூச்சு அடைத்துவிடக் கூடாது. அதனால் பொத்தானைக் கருவியில் மாட்டி இழுத்துப் பார்க்கிறோம். வழக்கமாகக் கேட்கப்படுவது 90 நியூட்டன் விசை. ஏறத்தாழ ஒன்பது கிலோ எடையை அந்தச் சின்னப் பொத்தானில் தொங்கவிடுவதற்குச் சமம். ஐரோப்பாவின் இ.என். 14682 தரவிதிப்படி ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடுப்பில் கழுத்துப் பக்கமோ தலைமூடியிலோ இழுகயிறு இருக்கவே கூடாது. எங்காவது மாட்டிக்கொண்டு கழுத்தை இறுக்கிவிடும் என்ற அச்சம்.

நான் வேலை பார்ப்பது இந்தத் தரப் பரிசோதனைப் பிரிவில்தான். சோதனையில் பொத்தான் கழன்றால் லாட் நிற்கும், ஷிப்மெண்ட் நிற்கும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முகம் தெரியாத ஒரு குழந்தையின் மூச்சுக்கு இவ்வளவு மதிப்பு கொடுக்கத்தான் வேண்டும். மூச்சடைப்பை முன்கூட்டியே கணக்குப் போட்டுத் தடுக்க முடியும் என்பதை இந்த ஊர் நன்றாகக் கற்றிருக்கிறது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அதே ஊரில், 2025 மே மாதம், பல்லடத்தை அடுத்த கரைப்புதூரில், ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன மூன்று தலித் தொழிலாளர்கள் இறந்தார்கள். இப்படி ஒரு சாவு நடக்கும்போதெல்லாம் மறுநாள் செய்தியில் நாம் படிப்பது இரண்டே வாக்கியங்கள்தான். ஒன்று, ‘விஷவாயு தாக்கி பலி’. இன்னொன்று, ‘மூச்சுத் திணறி உயிரிழந்தனர்’. சாக்கடையோ, சாயப்பட்டறையோ, அடுக்குமாடிக் குடியிருப்போ, இடம் மாறும், எண்ணிக்கை மாறும், வாக்கியம் மாறாது.

இந்த இரண்டு வாக்கியங்களையும் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் ‘சோக்’ என்பது தன்வினையாகவும் வரும், பிறவினையாகவும் வரும். ஒருவர் தானாக மூச்சடைத்துத் திணறினாலும் அதே சொல்தான், இன்னொருவர் அவர் கழுத்தை நெரித்தாலும் அதே சொல்தான். தமிழில் அந்த வசதி இல்லை. திணறினார் என்றால் ஒன்று, திணறடித்தார் என்றால் வேறொன்று. நெரித்தார் என்று எழுதினால் ‘யார்?’ என்ற கேள்வி அடுத்த நொடியே வந்து நிற்கும். தமிழில் எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். கழிவுத் தொட்டிச் சாவுகளில் நம் செய்தித்தாள்களும் காவல் நிலையங்களும் எப்போதும் தேர்ந்தெடுப்பது தன்வினையை. அவர்கள் இறங்கினார்கள், திணறினார்கள், இறந்தார்கள். எல்லாவற்றையும் அவர்களே செய்துகொண்டார்கள். இறக்கியவர் வாக்கியத்தில் இல்லை.

‘விஷவாயு தாக்கி’ என்பது இன்னும் வசதியானது. அதில் எழுவாய் உண்டு. ஆனால் அந்த எழுவாய்க்குப் பெயரில்லை, முகவரியில்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை. வாயுவின் மீது முதல் தகவல் அறிக்கை போட முடியாது.

அந்த வாயுவைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். மலமும் கழிவுநீரும் காற்றில்லாமல் தேங்கிக் கிடக்கும் இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. சாயத் தொழிலில் அள்ளிக் கொட்டும் கிளாபர் உப்பு என்பது சோடியம் சல்பேட். அந்தக் கழிவு காற்றில்லாமல் கிடந்தாலும் நுண்ணுயிரிகள் அதிலிருந்து இதே வாயுவை உண்டாக்கும். அளவு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் முகரும் திறனையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் குறைந்துவிட்டது என்று உள்ளே இருப்பவர் நினைக்கும் நேரம்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். செறிவு மிகுந்தால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுவார். உடம்பின் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் போகும். மேலே நிற்பவர் அவரைத் தூக்க இறங்குவார், அவரும் விழுவார். இந்தச் சாவுகள் ஒன்றொன்றாக இல்லாமல் இரண்டு மூன்றாக நடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த ரகசியம் இல்லை. வேதியியல் படித்தவர்களுக்குத் தெரியும். சாயப்பட்டறை நடத்துகிறவருக்கு வேதியியல் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எந்தத் துணிக்கு எந்த வெப்பத்தில் எத்தனை கிராம் உப்பு என்று நிறம் பிசகாமல் சொல்லத் தெரிந்த தொழில் அது.

சட்டமும் தெரிந்ததுதான். மனிதக் கழிவை மனிதர் அகற்றும் தொழிலைத் தடைசெய்யும் 2013 சட்டத்தின் 7-ஆவது பிரிவு, சாக்கடையிலோ கழிவுத் தொட்டியிலோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. ‘மறைமுகமாக’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். ‘காண்ட்ராக்டர்தான் ஆள் அனுப்பினார், எனக்குத் தெரியாது’ என்று சொல்லித் தப்பிக்க முடியாதபடி போட்ட சொல் அது. முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பட்டியல் சாதியினரை இந்த வேலையில் ஈடுபடுத்துவது, 2015 திருத்தத்துக்குப் பிறகு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம். 1993-க்குப் பிறகு சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

இவ்வளவு இருந்தும் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொல்லிவரும் பதிலைப் பாருங்கள். கையால் மலம் அள்ளியதால் யாரும் இறக்கவில்லை என்பார்கள். ‘சாக்கடை, கழிவுத் தொட்டிகளை ஆபத்தான முறையில் சுத்தம் செய்தபோது’ இறந்தவர்கள் 2019 முதல் 2023 வரை 377 பேர் என்பார்கள். ஒரு வினைச்சொல்லை மாற்றிப் போட்டால் ஒரு கொடுமை பூஜ்ஜியமாகிவிடுகிறது. 1993-க்குப் பிறகு பதிவான இந்த மரணங்களில் தமிழ்நாடுதான் முதலிடம் என்பதையும் சமூகநீதி மண் என்று மார்தட்டும் நாம் மறக்கக் கூடாது.

ஏன் இவர்கள் மட்டும் இறங்குகிறார்கள் என்பதற்கும் அரசின் கணக்கே பதில் சொல்கிறது. நமஸ்தே திட்டத்தின் கீழ் 2024 வரை விவரம் திரட்டப்பட்ட சுமார் 38,000 நகர்ப்புறக் கழிவுநீர்த் தொழிலாளர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். 2011 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 16.6 விழுக்காடு. ‘ஏழை என்பதால் இறங்குகிறார்கள்’ என்ற வாதத்தை இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். திருப்பூரில் ஏழைகள் நிறையப் பேர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்து பவர் டேபிளில், செக்கிங்கில், கைமடியில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர்கள் அவர்கள். ஆனால் தொட்டி அடைத்துக்கொண்டால் போன் போகும் திசை ஒன்றுதான். ஊருக்கு வெளியே இருக்கும் அந்தத் தெரு எல்லா மேனேஜர்களுக்கும் தெரியும்.

சோக் என்ற சொல்லுக்கு இன்னொரு பயன்பாடும் ஆங்கிலத்தில் உண்டு. சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டாலும் அதே சொல்தான். நம் ‘அடைப்பு’ம் அப்படித்தான்: குழாய்க்கும் அடைப்பு, நெஞ்சுக்கும் அடைப்பு. பட்டறையின் குழாய் அடைத்தால் உற்பத்தி நிற்கும், ஆர்டர் போகும். அதனால் குழாயின் அடைப்பு அவசரம். அந்த அடைப்பை எடுக்கப் போனவரின் மூச்சு அடைப்பது விபத்து. சாதி இந்த வரிசையைத்தான் வகுத்து வைத்திருக்கிறது.

இனி அந்தச் சொல்லின் உருவகப் பொருளுக்கு வருகிறேன். பேச்சை அடைப்பது, எதிர்ப்பை நசுக்குவது, குரல்வளையை நெரிப்பது. மேடைகளில் நாம் அடிக்கடி பயன்படுத்தித் தேய்த்துவிட்ட சொற்றொடர். ஆனால் மூச்சும் குரலும் ஒரே குழலில்தான் போகின்றன. முதலில் குரல் அடைபடுகிறது, மூச்சு பிறகுதான். ‘நான் இறங்க மாட்டேன், மெஷின் கொண்டு வா’ என்று சொல்ல முடிந்த எவரும் அந்தத் தொட்டிக்குள் இறங்கியிருக்க மாட்டார். அதைச் சொல்லும் தைரியம் இல்லாததால் இறங்கினார்கள் என்று நினைக்காதீர்கள். சொன்னால் நாளைக்கு வேலை இல்லை. வேலைக்கு இருந்தார் என்பதற்கே ஆதாரம் இல்லை, மஸ்டர் ரோலில் பெயர் கிடையாது. நான் பார்த்த ஒரு கம்பெனியில் பையரின் ஆடிட் நடக்கும் நாளில் கழிவறை பளபளக்கும். அதைப் பளபளக்க வைத்தவரை அன்று வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுவார்கள். ஆடிட்டர் தொழிலாளரிடம் தனியாகப் பேசும் நேரம் ஒதுக்கியிருப்பார். பேச வேண்டியவர் வளாகத்திலேயே இருக்க மாட்டார்.

பல்லடம் என்றதும் இன்னொரு சாவும் நினைவுக்கு வர வேண்டும். தஞ்சை மாவட்டம் ஒரத்தநாடு பகுதியிலிருந்து வந்து திருப்பூரில் வேலை பார்த்த இருவர், அவர் தலித் இளைஞர், அவள் ஆதிக்கச் சாதிப் பெண், இங்கே திருமணம் செய்துகொண்டார்கள். 2024 ஜனவரி முதல் வாரத்தில் பல்லடம் காவல் நிலையம் அந்தப் பெண்ணை அவள் அப்பாவோடு அனுப்பிவைத்தது. ஊருக்குப் போன அவள் கொல்லப்பட்டு, உடல் அவசர அவசரமாக எரிக்கப்பட்டது. பெற்றோர் கைது செய்யப்பட்டார்கள். காவல் ஆய்வாளர் நடவடிக்கைக்கு உள்ளானார். பத்தொன்பது வயதுப் பெண் ‘இவர் என் கணவர்’ என்று எடுத்த முடிவு காவல் நிலையத்தில் ஒரு பொருட்டாகவே இல்லை. அங்கேயும் குரல் முதலில், மூச்சு பிறகு.

கலையிலும் இதுவே நடந்தது. துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வையும் சாவையும் பதிவுசெய்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017-இல் வந்தபோது, காவல்துறை பல இடங்களில் திரையிடலைத் தடுத்தது. சாவைத் தடுக்க வராத வேகத்தோடு, சாவைக் காட்டுவதைத் தடுக்க வந்தார்கள்.

‘செய்தியில் ஒரு வினைச்சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். மாறாது. ஆனால் முதல் தகவல் அறிக்கையும் வினைச்சொற்களால்தான் எழுதப்படுகிறது. ‘வேலை செய்தபோது மயங்கி விழுந்து’ என்று தொடங்கினால் அது சந்தேக மரணமாகவோ, பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் அலட்சியத்தால் நேர்ந்த மரணமாகவோ முடியும். அதிகபட்சம் ஐந்தாண்டு. ‘உள்ளே போனால் சாக நேரிடும் என்று தெரிந்தே இறக்கினார்’ என்று எழுதினால் 105-ஆவது பிரிவுக்குக் கதவு திறக்கும். கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் அது, தண்டனையும் பெரிது. கூடவே 2013 சட்டமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர வேண்டும். எந்தப் பிரிவு என்பதை முடிவுசெய்வது ‘இறங்கினார்’, ‘இறக்கினார்’ என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே இருக்கும் ஓர் எழுத்து வேறுபாடு.

திருப்பூருக்குப் பிறவினையில் பேசத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யலைச் சாயக்கழிவு அடைத்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்க் குட்டையாகி, கீழே விளைநிலங்கள் உப்பேறிப் பாழாயின. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ‘ஆறு தானாகத் திணறியது’ என்று யாரும் அங்கே சொல்லவில்லை. யார் திணறடித்தது என்று கேட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு முறை வந்தது. அந்தத் தீர்ப்பு சரியானது. ஆற்றுக்கும் மூச்சு வேண்டும். ஆனால் நிலம் வைத்திருந்தவர்களின் வயலுக்காக நிறுத்த முடிந்த பட்டறைகள், நிலமில்லாதவர்களின் உயிருக்காக ஒரு ஷிப்டாவது நின்றிருக்கின்றனவா? ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊரில், பணம் இல்லாததால்தான் தொட்டிக்கு மெஷின் வரவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

இந்த இலக்கணம் நமக்கு மட்டும் உரியதல்ல. 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் காவலர் ஒருவர் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முழங்காலை அழுத்தினார். அந்த ஊர்க் காவல்துறை வெளியிட்ட முதல் அறிக்கை, காவல்துறையோடு நடந்த நிகழ்வின்போது ஏற்பட்ட ‘மருத்துவச் சம்பவ’த்தால் ஒருவர் இறந்தார் என்றது. முழங்கால் அந்த வாக்கியத்தில் இல்லை. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி போனில் எடுத்த காணொளிதான் வாக்கியத்துக்கு எழுவாயைத் திருப்பிக் கொடுத்தது. 2021-இல் அந்தக் காவலர் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பானது.

நம் இயக்கமும் சொற்களை மாற்றியிருக்கிறது. ஒரு காலத்தில் எல்லாப் பத்திரிகையும் ‘கௌரவக் கொலை’ என்று எழுதின. கொலையில் என்ன கௌரவம் என்று கேட்டுக் கேட்டு ‘ஆணவக்கொலை’ என்ற சொல்லை நிலைநிறுத்தினோம். இன்று எதிர்த்தரப்பு ஆட்களும் அந்தச் சொல்லைத் தவிர்க்க முடியாமல் சொல்கிறார்கள். சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் 2022-இல் தொடங்கிய இயக்கத்தின் முழக்கம் ‘எங்களைக் கொல்வதை நிறுத்துங்கள்’ என்பது. அதில் ‘விபத்து’ இல்லை, ‘வாயு’ இல்லை. கொல்கிறவருக்கு நேராக நின்று சொல்லப்பட்ட வாக்கியம் அது.

குரல் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 2021-இல் திண்டுக்கல் அருகே ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, பன்னாட்டு பிராண்டுகளையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. மாற்றத்தைக் கொண்டுவந்தது ஆடிட்டர்கள் அல்ல, சங்கம் வைத்த பெண்கள்.

அதே வழியில் திருப்பூரிலும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. பொத்தானுக்கு விசைக் கணக்கு கேட்கும் பையர்கள், ஒவ்வொரு கம்பெனியிலும் சாயப்பட்டறையிலும் கழிவுத் தொட்டி எங்கே இருக்கிறது, கடைசியாக எந்த இயந்திரத்தால், எந்த நிறுவனத்தால் சுத்தம் செய்யப்பட்டது என்ற பதிவேட்டையும் கேட்க வேண்டும். அந்த வேலைக்கு வரும் ஒவ்வொருவர் பெயரும் மஸ்டர் ரோலில் ஏற வேண்டும். சாவு நடந்தால் காண்ட்ராக்டரோடு நிற்காமல் முதலாளி மீது மேலே சொன்ன பிரிவுகளில் வழக்கு வேண்டும். இழப்பீடு முதலாளியிடமிருந்தும் வசூலாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், இந்தத் தொழிலிலிருந்து விலக நினைக்கும் குடும்பங்களுக்கு அதே பனியன் கம்பெனிகளில் பி.எஃப்., இ.எஸ்.ஐ.யோடு நிரந்தர வேலை வேண்டும். அவர்கள் தைத்த சட்டையைப் போட யாருக்கும் தயக்கம் இருக்கப் போவதில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் கல்லூரியில் இருக்கிறீர்கள், சிலர் ஊடகத்தில், சிலர் சட்டம் படிக்கிறீர்கள். அடுத்த செய்தி வரும். வரக்கூடாது என்று ஆசைப்படுகிறேன், ஆனால் வரும். அதைப் பகிர்வதற்கு முன் வாக்கியத்தைத் திருத்துங்கள். எந்த நிறுவனத்தின் தொட்டி, யார் அழைத்தார், யார் இறக்கினார், எந்தப் பிரிவில் வழக்கு என்று கேளுங்கள். ஊடகத்தில் இருப்பவர்கள் தலைப்பில் அந்தப் பெயரை வையுங்கள். சட்டம் படிப்பவர்கள் முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கிப் படித்து, விடுபட்ட பிரிவுகளைச் சேர்க்கச் சொல்லி மனுப் போடுங்கள்.

மூச்சுத் திணறி யாரும் சாகவில்லை தோழர்களே. மூச்சை அடைத்தவர்கள் இருக்கிறார்கள். நம் வாக்கியங்களிலாவது அவர்களுக்கு எழுவாயாக நிற்க இடம் கொடுப்போம். நீதிமன்றக் கூண்டுக்கு அவர்களைக் கொண்டுவரும் வேலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.